கும்பல் கொலைக்கு எதிரான வாதம்: ஐடா பி. வெல்ஸும் அவர் காட்டிய வழியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள்மீது நடந்த கும்பல் கொலைகளை (ஆங்கிலத்தில் லிஞ்சிங்) எதிர்த்தவர்கள் எப்படி எழுதினார்கள், எப்படிப் பேசினார்கள், கேட்பவர் மனத்தை எப்படி அசைக்கப் பார்த்தார்கள் என்பதைப் பற்றிய கேள்வி-பதில் இது. ஐடா பி. வெல்ஸ்தான் இதில் நடுநாயகம். பின்னால் வந்த போராட்டங்களின் உத்திகளில் பாதிக்கு மேல் அவரிடமிருந்தே கிளைத்தவை என்பது என் கருத்து. கொடூரமான விவரங்கள் சில இடங்களில் வரும், தவிர்க்க முடியவில்லை.

லிஞ்சிங் என்றால் என்ன? சாதாரணக் கொலையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒருவர்மேல் ஏதோ ஒரு குற்றத்தைச் சுமத்தி, விசாரணையோ தீர்ப்போ இல்லாமல், ஒரு கும்பலே அவரைப் பிடித்துக் கொன்றுவிடுவது. தூக்கில் தொங்கவிடுவார்கள், சுடுவார்கள், சில சமயம் உயிரோடு எரிப்பார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு, தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை அடக்கிவைக்கும் கருவியாக இது மாறியது.

இது ஒளிந்து செய்த காரியம் அல்ல. 1893 பிப்ரவரி 1 அன்று டெக்சஸ் மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஹென்றி ஸ்மித் என்பவரைச் சித்திரவதை செய்து எரித்தபோது சுமார் 10,000 பேர் கூடி நின்று பார்த்தார்கள். வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். பத்திரிகைகள் விலாவாரியாக எழுதின.

எதிர்ப்பாளர்களுக்கு இருந்த சிக்கலும் இதுதான். "இப்படி ஒரு கொடுமை நடக்கிறது" என்று சொன்னால் யாரும் அதிர்ச்சி அடையப்போவதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். "செத்தவன் ஏதோ பெரிய தப்பு செய்திருப்பான்" என்ற நினைப்புதான் உடைக்க வேண்டிய சுவர்.

யார் இந்த ஐடா பி. வெல்ஸ்?

1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1878 இல் மஞ்சள் காய்ச்சலில் தாயும் தந்தையும் இறந்துபோக, பதினாறு வயதில் தம்பி தங்கைகளைக் காப்பாற்ற ஆசிரியை வேலைக்குப் போனார். ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து எழுந்து போகச் சொன்ன கண்டக்டரின் கையைக் கடித்துவிட்டு, ரயில் கம்பெனிமேல் வழக்குப் போட்டு 1884 இல் 500 டாலர் இழப்பீடும் வென்றார். 1887 இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற பத்திரிகையின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார்.

இன்னொரு விஷயம். கும்பல் கொலைக்கு ஆளாகிறவர்கள் உண்மையிலேயே பெண்களைத் தாக்கியவர்களாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் தானும் நம்பியதாக அவரே எழுதியிருக்கிறார். சட்டவிரோதம்தான், ஆனால் கோபத்தில் செய்துவிட்டார்கள் போல என்ற எண்ணம். எதிரில் இருப்பவர் எந்த முடிச்சில் சிக்கியிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்ததற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

அந்த நம்பிக்கை எப்போது உடைந்தது?

1892 மார்ச்சில். மெம்பிஸின் விளிம்பில் கறுப்பினத்தவர் சிலர் கூட்டாகச் சேர்ந்து 'பீப்பிள்ஸ் குரோசரி' என்ற மளிகைக் கடை நடத்திவந்தார்கள். அதன் தலைவர் தாமஸ் மாஸ், தபால்காரர், வெல்ஸின் நெருங்கிய நண்பர். எதிரிலேயே ஒரு வெள்ளையரின் கடை. அதுவரை அந்த வட்டாரத்தின் வியாபாரம் முழுக்க அவர் கையில் இருந்தது. புதுக்கடை வந்ததும் போட்டி, அப்புறம் தகராறு. ஒரு ராத்திரி ஆயுதங்களோடு ஆட்கள் கடைக்குள் வர, உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்களில் மூவருக்குக் காயம். தங்களைச் சட்டத்தின் அதிகாரிகள் என்று அவர்கள் சொன்னது அதற்குப் பிறகுதான்.

மார்ச் 9 விடியற்காலையில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து, கைதாகி அங்கே அடைக்கப்பட்டிருந்த மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. இந்த மூவர்மேல் எந்தப் பெண்ணும் எந்தப் புகாரும் சொல்லவில்லை. நன்றாக ஓடிய ஒரு கடைதான் அவர்கள் குற்றம்.

"என் மக்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கே அவர்களுக்கு நீதி கிடையாது" என்பது மாஸின் கடைசிச் சொல் என்று வெள்ளையர் பத்திரிகையே அச்சிட்டது. கடைசி நிமிடத்தில் அவர் என்ன சொன்னார் என்பது பத்திரிகைக்கு எப்படித் தெரியும்? வெல்ஸ் இதைக் குறித்துவைத்துக்கொண்டார்.

நண்பர் கொல்லப்பட்டபோது வாசகர்களிடம் அவர் என்ன சொன்னார்?

ஊரை விட்டுப் போங்கள் என்று. நம் உயிரையும் உடைமையையும் காக்காத, நீதிமன்றத்தில் நியாயம் தராத ஊருக்கு நாம் ஏன் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. ஆயிரக்கணக்கானோர் புதிதாகக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்ட ஓக்லஹோமா பக்கம் கிளம்பினார்கள். போகாதவர்கள் டிராம் வண்டி ஏறுவதை நிறுத்தினார்கள்.

இதையொட்டி அவர் தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். டிராம் கம்பெனி அதிகாரிகள் இருவர் 'ஃப்ரீ ஸ்பீச்' அலுவலகத்துக்கு வருகிறார்கள். புதிதாக மின்சார டிராம் விட்டிருக்கிறோம், உங்கள் ஜனங்கள் கரண்டுக்குப் பயந்து ஏறமாட்டேன் என்கிறார்கள் போல, நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். எவ்வளவு நாளாகக் கூட்டம் குறைந்திருக்கிறது என்று வெல்ஸ் கேட்கிறார். ஆறு வாரமாக என்று பதில் வருகிறது. அந்தக் கொலை நடந்தும் சரியாக ஆறு வாரம்தானே ஆகிறது என்கிறார் வெல்ஸ். அவர்கள் போனதும் இந்த உரையாடலை அப்படியே அடுத்த இதழில் போட்டு, புறக்கணிப்பை விடாதீர்கள் என்று எழுதினார்.

வெள்ளையரின் மனசாட்சியிடம் முறையிட்டதைவிட அவர்கள் சட்டைப்பையிடம் முறையிட்டதுதான் எப்போதும் பலித்திருக்கிறது என்று பின்னாளில் அவர் எழுதிய வரி இந்த அனுபவத்தில் பிறந்தது.

அச்சகத்தையே அடித்து நொறுக்கும் அளவுக்கு என்ன எழுதிவிட்டார்?

1892 மே 21 அன்று ஒரு சின்னத் தலையங்கம். கடந்த இதழுக்குப் பிறகு எட்டுப் பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று தொடங்கி, கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்ற நைந்துபோன பொய்யை இந்தப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை என்றார். இதையே சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் அவர்கள் வீட்டுப் பெண்களின் பெயருக்குத்தான் களங்கம் வரும் என்று முடித்தார். விருப்பத்தோடு நடந்த உறவுகள் அம்பலமான பிறகு பலாத்காரமாக மாற்றிச் சொல்லப்படுகின்றன என்பதுதான் குறிப்பு. வெளிப்படையாகச் சொல்லாமல் வாசகரே ஊகிக்கும்படி விட்டார்.

நகரத்து வெள்ளையர் பத்திரிகை ஒன்று, எழுதியவர் ஆண் என்று நினைத்துக்கொண்டு, அவனை நாற்சந்தியில் கம்பத்தில் கட்டி, நெற்றியில் சூடு போட்டு, தையல்காரர் கத்தரிக்கோலால் 'அறுவைச் சிகிச்சை' செய்ய வேண்டும் என்று எழுதியது. சில நாட்களிலேயே கும்பல் அலுவலகத்தை அழித்தது. வெல்ஸ் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்தால் கொல்வோம் என்ற மிரட்டல் வந்தது. அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அவர் தெற்கே காலெடுத்து வைக்கவில்லை.

நியூயார்க்கில் டி. தாமஸ் ஃபார்ச்சூனின் 'நியூயார்க் ஏஜ்' பத்திரிகையில் சேர்ந்தார். அதே ஆண்டு 'சதர்ன் ஹாரர்ஸ்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதில் தன் தலையங்கத்தையும் போட்டார், அந்தக் கத்தரிக்கோல் மிரட்டலையும் ஒரு சொல் மாற்றாமல் போட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலின் சத்தத்தை நாடு முழுக்கக் கேட்க வைத்தவர் அவர்.

அவருடைய வாதத்தின் பலம் எங்கே இருக்கிறது?

எதிர்த்தரப்பின் சொந்தச் சாட்சியத்தை வைத்தே வழக்கை நடத்தியதில். கறுப்பினப் பத்திரிகைகள் சொன்னதை எடுத்துக்கொண்டால், பொய், மிகைப்படுத்தல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அதனால் வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலை எடுத்தார். கொலையாளிகள் தங்கள் வாயாலேயே தண்டிக்கப்படட்டும் என்றார்.

'சதர்ன் ஹாரர்ஸ்' நூலில் அவர் தரும் கணக்கு: எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 728 பேர், அதில் பலாத்காரக் குற்றச்சாட்டாவது சுமத்தப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். நிரூபிக்கப்பட்டவர்கள் அல்ல, வெறுமனே குற்றம் சாட்டப்பட்டவர்களே அவ்வளவுதான். அப்படியானால் மீதி? சண்டை, திருட்டு, மரியாதைக் குறைவாகப் பேசியது, சிலர்மேல் காரணமே இல்லை. பெண்களையும் கொன்றிருக்கிறார்கள். பெண்ணைக் காப்பாற்றத்தான் கொல்கிறோம் என்றவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா? 1895 இல் வந்த 'எ ரெட் ரெக்கார்ட்' நூலில் ஊர், தேதி, பெயர், சொல்லப்பட்ட காரணம் என்று பக்கம் பக்கமாக அடுக்கினார்.

அதே நூலில் இன்னும் கூர்மையான ஒரு வாதம் உண்டு. கொலைகளுக்கு இதுவரை மூன்று சாக்குகள் சொல்லப்பட்டன என்கிறார். முதலில், கறுப்பர்கள் கலகம் செய்கிறார்கள் என்றார்கள். ஆனால் எந்தக் கலகமும் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை, அந்தச் சாக்கு செல்லாமல் போயிற்று. அடுத்து, ஓட்டுரிமை வந்ததால் கறுப்பர் ஆட்சி வந்துவிடும் என்றார்கள். மிரட்டியும் கொன்றும் ஓட்டைப் பறித்த பிறகு அதற்கும் வேலை இல்லை. ஆனாலும் கொலை நிற்கவில்லை, அதனால் மூன்றாவதாகப் பெண்ணின் மானம் என்ற சாக்கு வந்தது.

மூன்றாவதை ஒரே கேள்வியால் சாய்த்தார். உள்நாட்டுப் போருக்குக் கிளம்பிய வெள்ளை எஜமானர்கள் தங்கள் மனைவியையும் மகள்களையும் யார் பொறுப்பில் விட்டுப் போனார்கள்? தோட்டத்து அடிமைகள் பொறுப்பில்தானே? அந்த நான்கு ஆண்டுகளில் இந்தப் புகார் வந்ததா? போருக்குப் பிறகு வடக்கிலிருந்து விடுதலை பெற்றவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வந்த வெள்ளைப் பெண்கள், தனியாக, கறுப்பினத்தவர் நடுவிலேயே வாழ்ந்தார்களே, அவர்கள் புகார் சொன்னார்களா?

பொய்யை நேராகப் பொய் என்று சொல்லாமல் அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறார். மூன்றாவது காரணத்தைக் கேட்கும்போதே முதல் இரண்டு என்ன ஆயிற்று என்ற கேள்வி வாசகர் மனத்தில் எழுந்துவிடும்.

வெறும் கணக்கும் தர்க்கமும்தானா? உணர்ச்சிக்கு இடமே இல்லையா?

உண்டு, ஆனால் அளந்து வைப்பார். கொடூரமான காட்சிகளைப் பெரும்பாலும் வெள்ளையர் பத்திரிகைச் செய்திகளின் வாசகத்திலேயே விட்டுவிடுவார். அங்கே பெயரடை சேர்க்கத் தேவையே இருக்காது.

'எ ரெட் ரெக்கார்ட்' நூலில் ஒரு புகைப்படம் இருக்கிறது. 1891 இல் அலபாமாவின் கிளான்டன் ஊரில் தூக்கிலிடப்பட்ட ஒருவர், சுற்றிலும் நிற்கும் வெள்ளையர்கள். அந்தக் கும்பலே இதைப் படமெடுத்து, பின்பக்கம் கேலியாக எழுதி, 'கமிட்டியின் வாழ்த்துகளுடன்' என்று முடித்து, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் பேசிவந்த ஆல்பியன் டூர்ஜே என்ற வெள்ளை நீதிபதிக்குத் தபாலில் அனுப்பியிருந்தது. பயமுறுத்த அனுப்பிய படம் சான்றாகிவிட்டது.

ஏன் பிரிட்டனுக்குப் போனார்?

அமெரிக்க வெள்ளையர் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலேயர்கள் பேசினால் கேட்பார்கள். தென் மாநிலப் பஞ்சு போவதும் பிரிட்டன் ஆலைகளுக்கு, முதலீடு வருவதும் அங்கிருந்து. அதனால் 1893 இலும் 1894 இலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முழுக்கக் கூட்டங்களில் பேசினார். நாகரிகத்தில் உங்களுக்குச் சமம் என்று மார்தட்டும் நாட்டில் மனிதரை உயிரோடு எரிக்கிறார்கள் என்றார். அமெரிக்காவுக்கு உறைத்தது இந்த வெட்கம்தான்.

அவரை அழைத்தவர் கேத்தரின் இம்ப்பி, இங்கிலாந்தின் சாமர்செட்டைச் சேர்ந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்மணி. அவர் 1888 முதல் நடத்திய பத்திரிகையின் பெயர் 'ஆன்டி-காஸ்ட்', அதாவது சாதி எதிர்ப்பு. நிறவெறியையும் சாதி என்றே அவர் பார்த்தார். உடன் சேர்ந்தவர் ஸ்காட்லாந்தின் அபர்டீனைச் சேர்ந்த எழுத்தாளர் இசபெல்லா மேயோ. முதல் பயணத்தின் நடுவிலேயே இருவருக்கும் பெரிய பிளவு. மேயோ வீட்டில் இருந்த இலங்கைக்காரர் ஒருவருக்கு இம்ப்பி காதல் கடிதம் எழுதிவிட்டார் என்பது காரணம். நிறபேதமே கூடாது என்று மேடையேறியவர்கள் அதற்காகவா இப்படிக் கொதித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வெல்ஸ் இம்ப்பியைக் கைவிட மறுத்தார், மேயோவின் ஆதரவை இழந்தார்.

1894 பயணத்தின் பலனாக லண்டனில் ஒரு கும்பல் கொலை எதிர்ப்புக் குழு உருவானது. தெற்கின் ஆளுநர்கள் சிலர் கொதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் மெம்பிஸ் அருகே ஆறு கறுப்பினத்தவர் கொல்லப்பட்டபோது, இரண்டு வருஷம் முன்பு கொலையைக் கொண்டாடிய அதே நகரத்துப் பத்திரிகைகள் கண்டித்து எழுதின, கைதுகளும் நடந்தன. தண்டனை யாருக்கும் இல்லை.

பெண் என்பதால் அவர்மேல் தாக்குதல் வேறு மாதிரி இருந்ததா?

ஆமாம், ஒழுக்கத்தைக் குறிவைத்தே. 'நியூயார்க் டைம்ஸ்' கூட 1894 இல் அவரை அவதூறு பரப்பும் அழுக்கு மனத்துக்காரி என்ற ரீதியில் எழுதியது. மிசௌரி பத்திரிகையாளர் சங்கத் தலைவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதம் கறுப்பினப் பெண்கள் அனைவரையுமே ஒழுக்கம் கெட்டவர்கள் என்றது. அந்தக் கடிதம் கறுப்பினப் பெண்கள் கையில் கிடைத்தது. அதன் சூட்டில்தான் 1895 இல் பாஸ்டனில் மாநாடு கூடியது, மறு ஆண்டு கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் பிறந்தது.

அவர் ஆயுதம் ஏந்தச் சொன்னாரா?

சொன்னார். சட்டம் தர மறுக்கும் பாதுகாப்புக்காக, ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கிக்குக் கௌரவமான இடம் இருக்க வேண்டும் என்று 'சதர்ன் ஹாரர்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார். தற்காப்புக்குத்தான், பழிவாங்க அல்ல. அவரை அகிம்சைவாதியாகக் காட்டும் சுருக்கங்களில் இந்த வரி காணாமல் போய்விடும்.

வாய் திறக்காமலே நடந்த ஊர்வலம் என்கிறார்களே, அது என்ன?

1917 ஜூலை தொடக்கத்தில் இலினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவர் குடியிருப்புகளை எரித்து, டஜன் கணக்கானோரைக் கொன்றன. வெல்ஸ் உடனே அங்கே போய் உயிர்தப்பியவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார். ஜூலை 28 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 8,000 முதல் 10,000 பேர் வரை அணிவகுத்து நடந்தார்கள். முன்னால் குழந்தைகள், அவர்களும் பெண்களும் வெள்ளை உடையில், பின்னால் ஆண்கள் கறுப்பு உடையில். கோஷம் இல்லை, பாட்டு இல்லை, மந்தமாக ஒலித்த முரசு மட்டும். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனும் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸும் முன்னின்றவர்கள்.

பேச்சு முழுக்கப் பதாகைகளில் இருந்தது. அந்த ஏப்ரலில்தான் அதிபர் வில்சன், உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்க வேண்டும் என்று சொல்லி முதல் உலகப் போரில் இறங்கியிருந்தார். ஒரு பதாகை கேட்டது: அதிபர் அவர்களே, அமெரிக்காவை ஏன் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்கக் கூடாது? இன்னொன்று குழந்தையின் கேள்வி: அம்மா, கும்பலாகக் கொல்பவர்கள் சொர்க்கத்துக்குப் போவார்களா?

முதல் கேள்வி வெல்ஸ் வழி. அதிபரின் வாக்கியத்தை எடுத்து, உலகம் என்ற இடத்தில் நாட்டின் பெயரைப் போட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த மௌனம். கறுப்பினத்தவர் கூட்டம் என்றாலே கலவரம் என்று எழுதிப் பழகியவர்களுக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த உத்திகள் தொடர்ந்தனவா?

1922 நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் என்.ஏ.ஏ.சி.பி. முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தலைப்பு 'அமெரிக்காவின் அவமானம்'. 1889 முதல் 1922 வரை 3,436 பேர் கும்பலால் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அதில் பலாத்காரக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 571 பேர் மட்டுமே என்று கணக்குச் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வெல்ஸ் போட்ட அதே கணக்கு. 1930களில் அதே அமைப்பு தன் அலுவலக ஜன்னலிலிருந்து ஒரு கறுப்புக் கொடியைத் தொங்கவிடும். 'நேற்று ஒரு மனிதன் கும்பலால் கொல்லப்பட்டான்' என்பது மட்டும்தான் அதில் எழுதியிருக்கும். இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் 1938 இல் நிறுத்தினார்கள்.

1955 இல் 14 வயது எம்மெட் டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டான். உருத்தெரியாமல் சிதைந்த மகன் உடலைச் சிகாகோவில் திறந்த பெட்டியில் வைத்தார் தாய் மேமி டில். என் பிள்ளையை என்ன செய்தார்கள் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்றார். 'ஜெட்' பத்திரிகையில் வந்த அந்தப் படம் ஒரு தலைமுறையையே போராட்டத்துக்கு இழுத்துவந்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவரை முழுக்க வெள்ளையர்கள் கொண்ட ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

சரி, இவ்வளவு பேசி, எழுதி, நடந்து, என்ன பலன்?

சட்டம் என்று கேட்டால், கூச்சப்பட வைக்கும் பதில்தான். 1900 இல் கும்பல் கொலைக்கு எதிரான முதல் மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட், அன்றைக்கு அமெரிக்க காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். 1922 ஜனவரியில் டையர் மசோதா கீழவையில் 231-க்கு 119 என்ற வாக்கில் நிறைவேறியது. மேலவையில் தென் மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தி அதைக் கொன்றார்கள். இப்படி ஏறத்தாழ 200 மசோதாக்கள். கும்பல் கொலையைத் தேசிய அளவில் குற்றமாக்கும் சட்டம், எம்மெட் டில் பெயரில், 2022 மார்ச் 29 அன்றுதான் கையெழுத்தானது. வெல்ஸ் 1931 இல் இறந்துவிட்டார். பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சரின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது 2020 இல்.

ஆனால் வேறு ஒன்று மாறியது. 1892 இல் பெண்ணைக் காப்பாற்றத்தான் கொன்றோம் என்று பத்திரிகை ஆசிரியர்களும் பாதிரிமார்களும் தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. 1920களில் அதைச் சொன்னால் கணக்கைக் காட்டுபவர்கள் இருந்தார்கள். டையர் மசோதாவை எதிர்த்தவர்கள் மாநில உரிமை, அரசியல் சாசனம் என்று வேறு இடங்களிலும் ஒதுங்க வேண்டியிருந்தது. கொலைகளின் எண்ணிக்கை குறைந்ததற்குப் பொருளாதாரம், வடக்கு நோக்கிய இடப்பெயர்வு என்று பல காரணங்கள் இருக்கின்றன, அதையெல்லாம் வாதத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

எதை முதலில் படிக்கலாம்?

'சதர்ன் ஹாரர்ஸ்'. சின்ன நூல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம், காப்புரிமை முடிந்ததால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முன்னால், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து கறுப்பினத்தவரின் தலைவராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் எழுதிய கடிதத்தையும் விடாமல் படியுங்கள். அடுத்து 'எ ரெட் ரெக்கார்ட்', முதல் அத்தியாயத்தில்தான் அந்த மூன்று சாக்குகள் வருகின்றன. பட்டியல் பக்கங்களைத் தாண்டிவிடத் தோன்றும். ஒரு பக்கமாவது, சொல்லப்பட்ட காரணங்களை மட்டும் வரிசையாக, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சுயசரிதையை அவர் முடிக்கவில்லை, மகள் ஆல்ஃப்ரீடா டஸ்டர் பதிப்பித்து 1970 இல் வெளிவந்தது. டிராம் கம்பெனிக் கதை அதில்தான் இருக்கிறது.